பத்துத் தப்படி

பேருந்து மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புகளைத் தாண்டுவதற்குள்ளாகவே மாசானத்துக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. மலை இன்னும் தொடங்கவில்லை, ஒரு வளைவுகூட வரவில்லை, ஆகவே இது வளைவின் வேலை இல்லை, சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருக்கும் காகிதத்தின் வேலை என்று அவனுக்கே தெரிந்தது. காகிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. மேற்படி சாட்சி பியூலா என்பவர் கோத்தகிரிப் பக்கத்தில் புதிய பணியிடத்தில் சேரும்வரை தலைமைக் காவலர் மாசானம் உடன் செல்ல வேண்டும், அங்குள்ள காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து ஒப்புதல் பெற்றதும் பாதுகாப்புப் பணி முடிவடைகிறது. முடிவடைகிறது. தட்டச்சு செய்தவருக்கு அது வாக்கியத்தை முடிக்கும் ஒரு சொல். மாசானத்துக்கு அது மலைமேல், இன்னும் ஒன்றரை மணி நேரத் தொலைவில், காத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், சன்னலோரத்தில், பியூலா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு மாதமாக அவளை அவன் சன்னலோரத்தில் உட்காரவிட்டதில்லை. அவள் உள்ளே, இவன் வழியோரம், அவளுக்கும் சன்னலுக்கும் நடுவில் வேறு ஒரு பெண், இதுதான் கணக்கு. இன்று காலை ஏறும்போது, "இன்னைக்காவது சன்னல் பக்கம் உக்காந்துக்கிடுதேனே ஏட்டையா," என்று கேட்டாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான். காற்றில் அவள் முந்தானை பறந்து அவன் மணிக்கட்டில் பட்டது, விலகியது, மறுபடி பட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தொளதொளச் சட்டைக்கு அடியில் பிஸ்டல் இடுப்பெலும்பை உறுத்தியது. ஊர் திரும்பியதும் இதை இறக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தான், அடுத்த நிமிஷமே, இறக்கி வைத்துவிட்டு எங்கே போவது என்றும் நினைத்தான்.

ஆயுதப்படையில் அவனுக்குப் பத்தொன்பது வருஷம். அதில் பாதி யாருக்காவது பின்னால் நின்ற வருஷங்கள். ஊர்க்காரர்கள் கன்மேன் என்பார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் நடப்பார்கள், கன்மேன் பின்னால் நடப்பான். எத்தனையோ பேருடைய பிடரி அவனுக்கு மனப்பாடம், ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது. பியூலாவுக்குப் பாதுகாப்பு என்று உத்தரவு வந்தபோது, ஒரு கிராமத்து நர்ஸம்மாவுக்குக் கன்மேனா என்று ஆயுதப்படை மைதானத்தில் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. வள்ளியூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர், அதில் ஒரு சுகாதார நிலையம். அங்கே அவள் செவிலியர். ஒரு மத்தியானம் கதிரேசன் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனைத் தோளில் வெட்டுக்காயத்தோடு தூக்கிவந்து போட்டுவிட்டுப் போனார்கள். அவள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் உள்ளே வந்து அவனை இழுத்துக்கொண்டு போய் ஆம்புலன்ஸ் ஷெட்டுக்கு முன்னால் வெட்டிச் சாய்த்தார்கள். பட்டப்பகல். சுற்றிலும் வீடுகள். வழக்கு நடந்தபோது மருந்தாளுநர் சாட்சி பிறழ்ந்தார், ஆயாம்மா பிறழ்ந்தாள், எதிர்வீட்டுக்காரர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றார். பியூலா மட்டும் பிறழவில்லை. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கோர்ட்டு கேஸில் மாட்டின பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள், தூத்துக்குடியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வராதே என்றான், போனில் யார் யாரோ அவள் கழுத்தைப் பற்றிப் பேசினார்கள். சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நாள் அவளைக் குடைந்தார். "அவ்வளவு களேபரத்தில் நாலு பேர் முகத்தையும் நீங்கள் மட்டும் எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "அவன் கை என் கையில இருந்துச்சுய்யா. இழுத்தவங்களைப் பாக்காம எப்படி இருக்க முடியும்?" என்றாள். கோர்ட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மாசானம் கதவோரம் நின்றிருந்தான். அவன் வேலை கூட்டத்தைப் பார்ப்பது. அந்த ஒரு கணம் அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் அது பின்னால். அதற்கு முந்தியே எல்லாம் ஆரம்பித்துவிட்டது, எப்போது என்றுதான் பிடிபடவில்லை. முதல் நாளாக இருக்கலாம். முதல் நாள் காலையில் அவன் போய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் அவள் வெளியே வந்து, "உங்க பேரு என்ன ஏட்டையா?" என்று கேட்டாள். சொன்னான். "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். பத்தொன்பது வருஷத்தில் காவலுக்கு நின்ற எந்த வாசலிலும் அந்தக் கேள்வி வந்ததில்லை. ராத்திரிக் காவலுக்கு முப்பிடாதி என்ற பெண் போலீஸ் வருவாள், பகல் முழுக்க இவன். பியூலா வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பாள், இவன் தெருமுனையில் நிற்பான். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, "உங்க அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தவறாமக் கொடுக்கியளா?" என்று அவனையும் ஒரு அதட்டு அதட்டுவாள். அம்மாவைப் பற்றி அவளிடம் எப்போது சொன்னோம் என்று அவனுக்கே நினைவில்லை. இரண்டு தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து, அப்புறம் அம்மா படுக்கையில் விழுந்து, அப்படியே நாற்பதைத் தாண்டிவிட்டவன் அவன். வீட்டில் பேசுவதற்கு ஆளில்லாதவன் வாசலில் உட்கார்ந்து பேசிப் பழகிவிட்டான் போல. காவலுக்குப் போன நாலாம் மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். தங்கச்சி ஒருத்தி சூரத்தில், ஒருத்தி மும்பையில், வந்து சேர மறுநாள் ஆகும். அம்மா ஏழு மாதம் கிடையில் கிடந்தவள், முதுகெல்லாம் புண், சொந்தக்காரப் பெண்கள் வாசலில் நின்று, குளிப்பாட்ட யார் போவதென்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்போது மாற்றுக் காவலர் பின்னால் வர பியூலா வந்தாள். யாரையும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள், வெந்நீர் கேட்டாள், கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது அம்மா பவுடர் போட்டுப் பொட்டு வைத்து, தலை வாரி, எங்கோ கல்யாணத்துக்குக் கிளம்பினவளைப் போலக் கிடந்தாள். கிறிஸ்தவப் பெண், திருநீறு எந்தப் பக்கம் பூசுவது என்று மட்டும் வெளியே வந்து கேட்டாள். அன்றைக்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தான், மறுநாள் சொன்னால் அது சின்னதாகிவிடும் என்று தோன்றியது, அப்படியே நாள் தள்ளித் தள்ளி, இப்போது சொல்ல வேண்டியது ஒன்றா இரண்டா, தொண்டைக்குள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டி நின்று கிளம்பியது. முதல் வளைவில் உடம்பெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபோது பின்கண்ணாடி வழியே அந்த வெள்ளைக் காரைப் பார்த்தான். அதன் நம்பரில் முதலில் இருந்தது எழுபத்திரண்டு. திருநெல்வேலி வண்டி. உடம்பு முழுக்கச் சில்லென்று ஒரு தெளிவு வந்தது. திருநெல்வேலியிலிருந்து ஊட்டி பார்க்க வருகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆனாலும் ஊட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குன்னூர் வழியாகத்தானே போவார்கள், இந்த வழியும் போகலாம்தான், ஆனாலும் பேருந்தை முந்தாமல் ஏன் பின்னாலேயே வர வேண்டும், வளைவில் எப்படி முந்துவது, முந்த இடமிருந்த இடத்திலும் முந்தவில்லையே. நாலு பேருக்கும் ஆயுள் தண்டனை ஆகி இருபது நாள்தான் ஆகிறது. நாலு பேருக்கும் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். தீர்ப்பு வந்துவிட்டால் சாட்சியைத் தொட மாட்டார்கள், தொட்டு என்ன ஆகப்போகிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். கோபம் நியாயம் கேட்டுக்கொண்டா வரும்? மாசானம் வழியில் காலை நீட்டி, எழுந்தால் ஒரே வீச்சில் அவளை மறைக்கும்படி உட்கார்ந்தான். வழியோரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்து அவளை மறைக்க எத்தனை நொடி? ஒன்று. ஒன்றுக்கும் குறைவு. இங்கே தூரம் இல்லை. தூரம்தான் கெடுக்கும். தூரம் என்றதும் மனசு போய் அங்கேயே முட்டிக்கொண்டது, எந்த வழியில் விட்டாலும் கடைசியில் அங்கேதான் போய் முட்டும், அந்த அங்கன்வாடி வாசலில்.

ஏழாவது மாதம், ஒரு புதன்கிழமை, தடுப்பூசி முகாம். அங்கன்வாடி வாசலில் மேஜை போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். அன்றைக்கு அவள் முகத்தில் என்னவோ ஒரு தெளிச்சி. ஊசி போட்ட குழந்தை ஒன்று அழாமல் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டதாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டையா, இங்க பாருங்க, போலீஸ்காரன் மாரி முறைக்கான்," என்று வேறொரு குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். மாசானம் திரும்பி நடந்தான். பத்துத் தப்படி தள்ளி யாருடைய ஸ்கூட்டரோ நின்றது. அதன் கண்ணாடியில் குனிந்து, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினான். நாற்பத்தொரு வயசில், காவல் பணியில், இடுப்பில் துப்பாக்கியோடு, ஒரு பெண் தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்பதற்காகத் தலை வாரினான். பைக் வந்த சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை. "ஏட்டையா, வலப்பக்கம்!" என்ற அவள் குரல்தான் கேட்டது. திரும்பினால் பைக்கில் இரண்டு பேர், பின்னால் இருந்தவன் கையில் அரிவாள். அவள் ஓடவில்லை, கையிலிருந்த குழந்தையை மேஜைக்கு அடியில் தள்ளி அதன்மேல் கவிழ்ந்து கிடந்தாள். சீப்பைப் போட்டுவிட்டுப் பிஸ்டலை உருவ வேண்டியிருந்தது, அந்த அரை நொடியை அவன் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறான். ஓடிக்கொண்டே வானத்தைப் பார்த்துச் சுட்டான். வெட்டவந்தவன் பயந்து அரிவாளை இவன்மேல் வீசிவிட்டுப் பைக்கில் தொற்றிக்கொண்டு போய்விட்டான். முன்கையில் ஏழு தையல். தைத்தவள் அவள்தான். மரத்துப்போகிற ஊசி போட்டு, அதே மேஜையில், கை நடுங்காமல், ஏதோ கிழிந்த துணியைத் தைப்பவளைப் போலத் தைத்தாள். தைத்து முடித்துக் கட்டுப்போட்டுவிட்டு, இதோ வருகிறேன் என்று அங்கன்வாடிக்குப் பின்னால் போனாள். போய் வாந்தி எடுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் அதைக் கேட்டான். மூன்று நாள் கழித்து டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தார். சம்பவத்தின்போது பாதுகாப்புக் காவலர் பக்கத்தில் இருந்தாரா என்று கேட்டார். மாசானம் காக்கிச் சட்டையைக் கழற்றி வைக்கத் தயாராக நின்றான். "பக்கத்துலதான் நின்னாரு சார்," என்றாள் பியூலா. கண் சிமிட்டவில்லை. கழுத்தை அறுப்போம் என்று சொன்னபோதும் பொய் சொல்ல மறுத்தவள், மாப்பிள்ளையைத் தொலைத்தவள், அண்ணனைத் தொலைத்தவள், அந்த வாயால் இவனுக்காக ஒரு பொய் சொன்னாள். அதற்கு எப்படி நன்றி சொல்வது? நன்றி சொன்னால் பொய்யை ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் நன்றிகெட்டவனாகும். மறுநாளே வேறு பணி கேட்டு மனு எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனான். "அந்தம்மா நீருதான் வேணும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்கு, போய் வேலையைப் பாரும்," என்றார் அவர்.

ஐந்தாவது வளைவோ ஆறாவதோ, எண்ணுவதை விட்டுவிட்டான். குளிர் காற்று உள்ளே வந்தது, அடிவாரத்து வெயில் எங்கோ கீழே கிடந்தது, மரங்களுக்கு நடுவே பஞ்சு பஞ்சாக மேகம் தாழ்ந்து நின்றது. வெள்ளைக் கார் ஒரு நேரான இடத்தில் ஆரன் அடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறி வந்தது. மாசானம் பாதி எழுந்து நின்றான், வலது கை சட்டைக்குள் போய்விட்டது. காரின் பின்சன்னலில் ஒரு பெண் தலையை வெளியே தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், உள்ளேயிருந்து ஒரு ஆண் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "இதுக்குத்தான் இட்லி மட்டும் போதும்னேன், கேட்டியா?" என்று கத்தியது பேருந்துவரை கேட்டது. கார் முந்திக்கொண்டு போய்விட்டது. அவன் உட்கார்ந்தான். "யாருன்னு நெனச்சிய?" என்று பியூலா கேட்டாள். அவளும் பார்த்திருக்கிறாள், சாவடியிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். "யாருமில்ல சிஸ்டர்." அவள் கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அவனிடம் நீட்டினாள். "மோந்துக்கிடுங்க. அந்தக் காரைப் பாத்ததுலேந்து மொகம் வெளிறிக் கெடக்கு." மோந்தான். அந்த வாசனையில் ஏதோ ஒரு முடிச்சு இளகியது, இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது என்று தோன்றியது, வண்டி இரைச்சலில் பாதி மறையட்டும் என்றும் தோன்றியது. "சிஸ்டர், அன்னைக்கி நான் பக்கத்துல நிக்கல. நான்..." "தல வாரிக்கிட்டு இருந்திய," என்றாள் அவள், சன்னலைப் பார்த்தபடியே. "சீப்பைக் கீழ போட்டிய. நான்தான் எடுத்து ஊசிப் பெட்டிக்குள்ள வச்சேன், யாரும் பாக்கப்பிடாதுன்னு." அவனுக்குக் காதிலிருந்து கழுத்துவரை சூடு பரவியது. ஏழு மாதம். ஏழு மாதமாக இவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே தினமும் சாப்பிட்டியளா என்று கேட்டிருக்கிறாள். "பெறவு ஏன் எனக்காவப் பொய் சொன்னிய? கோர்ட்ல அது தெரிஞ்சிருந்தா உங்க சாட்சியே போயிருக்கும்." அவள் இப்போதுதான் திரும்பினாள். கண்ணைச் சுருக்கி, ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் எங்க பொய் சொன்னேன்? நீங்க பக்கத்துல இருந்தியளான்னு டி.எஸ்.பி. கேட்டாரு. ஆமான்னேன். பத்துத் தப்படி பக்கம்தான் ஏட்டையா. கதிரேசனை இழுத்துட்டுப் போனப்ப நான் கத்துன கத்துல சுத்துப்பட்ட வீட்டுல எல்லாம் சன்னல் தெறந்துச்சு. பெறவு ஒவ்வொண்ணா மூடிச்சு. அது தூரம். நீங்க ஓடி வந்திய."

தேயிலைத் தோட்டங்கள் வந்துவிட்டன. சரிவு சரிவாகப் பச்சை, கத்தரித்து விட்டதுபோல ஒரே மட்டம், இடையிடையே முதுகில் கூடையோடு பெண்கள். ஓடி வந்திய. அந்த இரண்டு வார்த்தையை அவன் வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தான். ஏழு மாதமாக அவனுக்கு நினைவிருந்தது போன பத்துத் தப்படி மட்டும்தான், திரும்பி வந்த பத்துத் தப்படி நினைவிலேயே இல்லை, அதை அவள் வைத்திருந்தாள். யாரோ ஒருத்தர் நம்மைப் பற்றி நாம் மறந்துபோன நல்லதை எடுத்து வைத்திருப்பார் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. கேட்டுவிடலாமா, இப்போதே, இந்த இருக்கையிலேயே? கூடாது. அதை அவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான், பலமுறை, ஒவ்வொரு தடவையும் புதிதாக. உத்தரவு பையில் இருக்கும்வரை கேட்கக் கூடாது. துப்பாக்கியோடு வாசலில் நிற்பவன் ஒரு கேள்வி கேட்டால், அவனை நம்பி உயிரைக் கொடுத்துவைத்திருக்கிற பெண் என்ன சொல்வாள்? சரி என்றால் அது சரிதானா, பயமா என்று எப்படித் தெரியும்? வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும், சொன்னால் நாளைக்கு இவன் இதே கவனத்தோடு நிற்பானா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றாதா? அந்த ஒரு கணத்தை அவளுக்குக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே நாலு ஆண்களும் அவர்களுடைய அண்ணன் தம்பிகளும் அவளுக்குக் கொடுத்தது போதும். அதனால்தான் சிஸ்டர். நர்ஸை எல்லோரும் கூப்பிடுகிறபடிதான் கூப்பிட்டான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அது நடுவில் ஒரு தட்டி கட்டியதுபோல நின்றது, அந்தத் தட்டிக்கும் அவன் நன்றி உள்ளவனாகத்தான் இருந்தான்.

கோத்தகிரியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. காவல் நிலைய ரைட்டர் குல்லாயும் கம்பளிச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார், பியூலாவை ஒருமுறை மரியாதையாக நிமிர்ந்து பார்த்தார், பதிவேட்டில் எழுதினார், முத்திரையை ஊதிவிட்டுக் குத்தினார். "அம்மா, எதுன்னாலும் ஒரு போன் அடிங்க, வந்துருவோம்ங்க," என்றார் அவளிடம். மாசானத்திடம், "உங்க டூட்டி முடிஞ்சுதுங்க ஏட்டய்யா. டீ சொல்லட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்று வெளியே வந்தான். சுகாதார நிலையத்து ஜீப் வந்து அவளைக் கூட்டிப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில், கூரைக்கு அடியில், அவள் இரண்டு பைகளோடு நின்றாள். அவன் அருகில் போனான். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. பின்னால் நின்றே பழக்கம். சுற்றி வந்து எதிரில் நின்றான்.

"சிஸ்டர், நான் இப்ப டூட்டில இல்ல."

"தெரியும். இப்பத்தான முத்திரை குத்துனாரு."

"அதனாலதான் கேக்கேன். எனக்கு நாப்பத்திரண்டு ஆவுது. சொல்லிக்கிடுத மாரி ஒண்ணுமில்ல. கோயிலா சர்ச்சாங்கதெல்லாம் எனக்குப் பெரிசில்ல. உங்களுக்குச் சம்மதம்னா..." "சம்மதம்னாத்தான்," என்று மட்டும் மறுபடி சொன்னான்.

பியூலா சாரலைப் பார்த்தாள். பிறகு அவனை நேராகப் பார்த்து, "வேண்டாம் ஏட்டையா," என்றாள்.

அவன் தலையாட்டினான்.

"இப்ப வேண்டாம்," என்றாள். "இருங்க, சொல்லி முடிச்சிருதேன். பதினாலு மாசமா நான் தனியா ஒரு எட்டு எடுத்து வைக்கல. கடைக்குப் போனா உங்க நெழல், சர்ச்சுக்குப் போனா உங்க நெழல். கொற சொல்லல. அந்த நெழல் இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல. ஆனா எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கா, இல்ல, நீங்க இருந்தா பயம் இல்லாம இருக்குல்லா, அதப் பிடிச்சிருக்கான்னு எனக்கே தெரியல. ரெண்டும் ஒண்ணு மாரியே இருக்கு. தனியா இருந்து பாத்தாத்தான் தெரியும். கதவத் தெறந்து போட்டுட்டு ஒரு நாளாவது ஒறங்கணும்."

"தெரிஞ்சா?"

"கடுதாசி போடுதேன். போன் வேண்டாம், போன் அடிச்சா எனக்கு இன்னும் கை நடுங்குது. என்ன எழுதுவேன்னு இப்ப சொல்ல மாட்டேன். சரின்னும் எழுதலாம், வேண்டாம்னும் எழுதலாம். நீங்க அதுக்காவக் காத்துக் கெடக்காண்டாம்."

"சரி சிஸ்டர்," என்றான். பிறகு, கேட்காமலே, தொண்டையில் கிடந்ததெல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே வந்தது, அதில் எது முந்தியது என்று அவனுக்கே தெரியவில்லை. "ரொம்ப நன்றி."

"எதுக்கு?"

"எங்கம்மையக் குளிப்பாட்டுனதுக்கு."

அவள் முகம் ஒரு கணம் கலைந்தது. "அதுக்கெல்லாமா ஏட்டையா," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜீப் வந்தது. பைகளைத் தூக்கக் குனிந்தான். அவள் அதற்குள் தூக்கிவிட்டாள், இரண்டையும். முன்சீட்டில் ஏறி, டிரைவரிடம் ஏதோ கேட்டாள், டிரைவர் கையைக் காட்டி எதையோ விளக்கினார், ஜீப் திரும்பி ஏற்றத்தில் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பவள் அவள்.

பேருந்து நிலையத்தில் கீழே போகிற வண்டிக்கு இன்னும் அரை மணி இருந்தது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். துக்கம் வரும் என்று எதிர்பார்த்தான், அதற்கு இடம் ஒதுக்கி, அசையாமல் காத்திருந்தான். கொஞ்சம் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்து அதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது. வேண்டாம் ஏட்டையா. எவ்வளவு சுலபமாகச் சொன்னாள். குரல் இறங்கவில்லை, கண் தாழவில்லை, துப்பாக்கி இருந்த அவன் இடுப்பைப் பார்க்கவில்லை, அவன் முகம் என்ன ஆகிறதென்று பயந்து பயந்து தேடவில்லை. பதினாலு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்றது எதற்கு என்று யாராவது கேட்டால், ஒரு பெண் ஒரு ஆணின் முகத்துக்கு நேராக நின்று வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் என்று சொல்லலாம்; அதை முதன்முதலாகக் கேட்கும் யோகம் தனக்கே கிடைத்ததே என்று நினைத்தான். கடிதம் வரலாம். வராமலும் போகலாம். ஓடி வந்திய என்று அவள் சொன்னதை யாரும் இனி எடுத்துக்கொண்டு போக முடியாது. சாரல் விட்டு எதிர்மலையில் வெயில் ஒரு துண்டு விழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் கேரட் மூட்டையோடு உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் அவனையே கவனித்துக்கொண்டிருந்தாள். "என்னங்ண்ணா, தனியா உக்காந்து சிரிச்சுட்டு இருக்கீங்க? நல்ல சேதிங்களா?" என்று கேட்டாள்.

தான் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. "ஆமாம்மா," என்றான். "ஒருத்தங்க என்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கா சிரிக்கிறீங்க?"

"அதுக்குத்தாம்மா."

அந்தம்மா அவனை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தாள். பிறகு கேரட் மூட்டையைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.